பழைய பட்டும் பக்கத்து வீட்டு முறுக்கும்

ஐப்பசி பிறந்தால் வானம் இருட்டிக்கொள்ளும். மாலை நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கும். கொடியில் போட்ட துணி இரண்டு நாள் ஆனாலும் காயாது. அடுப்பில் மிளகு ரசம் கொதித்தால் அதன் வாசனை மூன்றாவது வீடு வரை போகும்.

தமிழ்நாட்டில் ஒரு வருடத்தில் பெய்யும் மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை உள்ள மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் பழைய தமிழர்கள் தனிப் பெயரே வைத்திருந்தார்கள். 'கூதிர் காலம்' என்றார்கள். நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை விளக்கு எல்லாம் இந்தக் குளிர்ச்சியை ஒட்டித்தான் வருகின்றன. நல்லதாகச் சமைத்துச் சாப்பிடவும், நல்லதாக உடுத்தவும், நாலு பேரோடு உட்கார்ந்து பேசவும் இதைவிட ஏற்ற காலம் கிடையாது.

இத்தனை இன்பத்துக்கும் நடுவில் பல வீடுகளில் ஒரு பெருமூச்சும் கேட்கிறது.

"இந்தத் தீபாவளியை எப்படித் தள்ளப் போகிறோம்?"

பண்டிகை வருகிறது என்றால் மனிதன் மகிழ வேண்டும். ஆனால் பயப்படுகிறான். கடன்தான் காரணம்.

நூறு நாள் தண்டல்

ஒரு கணக்கைப் பாருங்கள். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒருவர் பத்தாயிரம் ரூபாய் தண்டல் வாங்குகிறார். முன்னதாகவே வட்டி ரூ.1,500 பிடித்துக்கொண்டு கையில் ரூ.8,500 கொடுக்கிறார்கள். தினம் ரூ.100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும்.

தீபாவளி அக்டோபர் கடைசியில் வந்தால், நூறு நாள் என்பது பிப்ரவரி தொடக்கம் வரை போகும். பட்டாசுக் காகிதத்தைப் பெருக்கித் தள்ளி மூன்று மாதம் ஆகியிருக்கும். முறுக்கு வைத்த டின் காலியாகி மேலே ஏறியிருக்கும். பொங்கலும் வந்து போயிருக்கும். அவர் மட்டும் இன்னும் தீபாவளிக்குப் பணம் கட்டிக்கொண்டே இருப்பார்!

மாத வட்டிக்கு வாங்கினால் இதைவிட மோசம். நூற்றுக்கு ஐந்து வட்டி என்றால் பத்தாயிரத்துக்கு மாதம் ரூ.500. வருடத்தில் ரூ.6,000 வட்டியாகவே போய்விடும். அடுத்த தீபாவளி வரும்போது அசல் பத்தாயிரம் அப்படியே நிற்கும். அந்தத் தீபாவளிக்கு என்ன செய்வது? இன்னொரு பத்தாயிரம் வாங்குவது!

அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. ஆனால் அவசரத்துக்குக் கை நீட்டுகிறவர் சட்டப் புத்தகத்தையா புரட்டிப் பார்க்கிறார்? இப்போது கடன்காரர் வாசலுக்கு வர வேண்டியதுகூட இல்லை. கைப்பேசியில் இரண்டு தடவை விரலால் தட்டினால் பணம் வந்துவிடுகிறது. தவணைக்குப் புடவை, தவணைக்கு டி.வி. என்று எல்லாம் கிடைக்கிறது.

இந்தக் கடன் வயிற்றுக்காக வாங்கிய கடனா? பெரும்பாலும் இல்லை. 'ஊர் என்ன சொல்லும்' என்ற பயத்துக்கு வாங்கிய கடன். இந்தக் காலத்தின் உண்மையான இன்பங்களைப் பார்த்தால், அவற்றில் பல, கடன் வாங்காமலே கிடைக்கக்கூடியவை. சில, பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன.

பெட்டியில் தூங்கும் பட்டு

பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கும்.

"என்னங்க, பாப்பாவுக்கு என்ன எடுக்கலாம்?"

"கடைக்குப் போய்ப் பார்த்துக்கலாம்."

"கையிலே எவ்வளவு இருக்கு?"

"அதை மட்டும் கேட்காதே!"

அந்த நேரத்தில் உள்ளே இருந்து பாட்டியின் குரல் வரும். "ஏம்மா, என் பச்சைப் பட்டு பெட்டியிலே சும்மாதானே கிடக்கு? அதை வெட்டிப் பிள்ளைக்குத் தைக்கக் கூடாதா?"

பாட்டி சொல்வதைக் கேட்கலாம். பட்டுப் புடவையை வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்திருந்தால், மடித்த இடத்திலேயே இற்றுக் கிழியும். பூட்டி வைத்தால் பத்திரம் என்று நினைப்பது தவறு.

ஆறு கெஜப் புடவை ஒன்றில், பத்து வயதுப் பெண்ணுக்கு நன்றாகக் கொசுவம் வைத்த பாவாடையும் சட்டையும் தாராளமாக வரும். துணி நல்ல நிலையில் இருந்தால் தங்கைக்கும் ஒரு சின்னப் பாவாடை தேற்றலாம். ஆனால் வெட்டுகிற முறை தெரிய வேண்டும். முதலில் புடவையை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். நைந்த இடம் எல்லாம் அப்போது தெரிந்துவிடும். மடிப்பு விழுந்த கோடுகளும், குதிகால் பட்ட கீழ் ஓரமும்தான் முதலில் நையும். அவற்றை ஒதுக்கிவிட வேண்டும். இரண்டு பக்கமும் கரை உள்ள புடவை என்றால், இடுப்பில் செருகிய மேல் கரை புதிதுபோலவே இருக்கும். அதைப் பாவாடையின் அடியில் வரும்படி வைக்கலாம். முந்தானையைச் சட்டைக்கு ஒதுக்கலாம். சரிகை கையிலும் முதுகிலும் விழுந்தால் நல்ல எடுப்பாக இருக்கும். உள்ளே மெல்லிய பருத்தித் துணியை லைனிங்காகக் கொடுத்துவிட்டால் பழைய பட்டு இழுபட்டுக் கிழியாது.

இன்னொன்றையும் தையற்காரரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். "அடியில் மூன்று அங்குலம் உள்ளே மடித்துத் தையுங்கள்" என்று சொல்ல வேண்டும். அடுத்த வருடம் பிள்ளை வளர்ந்திருப்பாள். மடிப்பைப் பிரித்துவிட்டால் பாவாடையும் கூடவே வளர்ந்துவிடும். மடித்த இடத்தில் கோடு தெரிந்தால், அதன் மேல் ஒரு ரிப்பனை வைத்துத் தைத்தால் போதும். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண் "இது புது பேஷனா?" என்று கேட்பாள்!

ஆண்கள் சட்டையில் முதலில் போவது காலர். சட்டை முழுவதும் நன்றாக இருக்கும். காலர் மட்டும் நைந்திருக்கும். காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்தால் உள்பக்கம் வெளியே வந்து புதிதாகிவிடும். இந்த வேலை தெரிந்த பழைய தையற்காரர்கள் இன்னும் சில தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நாலு காசு கிடைத்த மாதிரி இருக்கும்.

பெட்டியைத் திறந்ததும் திறந்ததுதான். ஒரு துண்டு வசம்பையும், நன்றாகக் காய்ந்த வேப்பிலையையும் ஒரு துணியில் முடிந்து அதற்குள் போட்டு வைக்கலாம். மழைக் காலத்தில் பூச்சி அண்டாது.

பிள்ளை ஏங்காதா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். தீபாவளி அன்று விடிந்ததும் தெருப் பிள்ளைகள் எல்லாரும் ஒருவர் உடுப்பை ஒருவர் பார்ப்பார்கள். "உனக்கு எந்தக் கடையிலே எடுத்தாங்க?" என்று கேட்பார்கள். அப்போது அந்தச் சிறுமி தலை குனிந்து நின்றால்? மிச்சம் பிடித்த பணம் அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடாகுமா?

ஈடாகாது. சிக்கனத்தைப் பற்றிப் பேசுகிற பெரியவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பெரியவருக்குப் பழையது போதும் என்று இருக்கும். பிள்ளைக்கு அதுவே அவமானமாகத் தோன்றலாம்.

ஆனால் அந்த அவமானத்தைப் பிள்ளை எங்கே கற்றுக்கொள்கிறது? பாதி தெருவில், பாதி வீட்டில். "என்ன பண்றது கண்ணு, இந்த வருஷம் இதைப் போட்டுக்கோ" என்று தாய் கண் கலங்கிக் கொடுத்தால், அந்தப் பாவாடை பிள்ளைக்கு ஒரு குறையாகவே தெரியும். "இது உங்க பாட்டி கல்யாணத்துக்கு உடுத்தின பட்டு. உனக்காகத்தான் வெட்டினோம்" என்று கொடுத்தால் அதே பாவாடை வேறாகிவிடும். தையற்காரரிடம் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போக வேண்டும். கழுத்து எப்படி, கை குட்டையா நீளமா என்று அவளையே சொல்ல விட வேண்டும். பிறகு எவர் வந்து எந்தக் கடை என்று கேட்டாலும் அவளுக்குப் பதில் தயாராக இருக்கும்: "கடையிலே எல்லாம் இது கிடைக்காது!"

எல்லாப் பிள்ளைகளுக்கும் இது ஒத்துவராது என்பதும் உண்மை. பதினைந்து வயதுப் பையனுக்குத் தாத்தாவின் வேட்டியை வெட்டிச் சட்டை தைத்துக் கொடுத்தால் அவன் தொடக்கூட மாட்டான். அவனுக்குப் புதுச் சட்டை எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்துக் கொடுங்கள். வீட்டில் எல்லாருக்கும் மூன்று மூன்று எடுப்பதால்தான் தண்டல்காரர் வருகிறார். யாருக்கு வேண்டுமோ அவருக்கு ஒன்று எடுப்பதால் வருவதில்லை.

தாத்தாவின் வேட்டிக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. நைந்த பருத்தி வேட்டியைப் போல வீட்டுக்கு உதவுகிற துணி வேறு இல்லை. இட்லித் தட்டில் விரிக்கலாம். வெயில் காலத்தில் வடாம் பிழிந்து காயப்போடலாம். தலை துவட்டலாம். மிஞ்சியது கைப்பிடித் துணி.

நெசவாளர் என்ன ஆவார்?

"எல்லாரும் பழையதையே வெட்டித் தைத்தால் துணி நெய்கிறவர் எப்படிப் பிழைப்பார்?" என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி.

ஐப்பசி மழை எல்லாருக்கும் குளிர்ச்சி. கைத்தறி நெசவாளருக்கு அது கஷ்ட காலம். குழித்தறியில் வேலை செய்கிறவர் தரையில் தோண்டிய குழிக்குள் கால் வைத்து உட்கார்ந்துதான் நெய்ய வேண்டும். அடை மழை பெய்தால் குழியில் தண்ணீர் ஊறிவிடும். தெருவில் பாவு நீட்ட முடியாது. கஞ்சி போட்ட நூல் காயாது. தறி நின்றால் கூலியும் நிற்கும். மழைக்கு முன்னால் தீபாவளிக்கு விற்கும் துணிதான் அந்த வீட்டு அடுப்பை எரிய வைக்கிறது.

1953-ஆம் ஆண்டில் கைத்தறித் துணி விற்காமல் தேங்கி நெசவாளர்கள் தவித்தார்கள். அப்போது அறிஞர் அண்ணாவும் அவருடைய கட்சித் தோழர்களும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத் தெருவாகக் கூவி விற்றார்கள். அந்தக் கட்சியில் இல்லாதவர்களும் வாங்கினார்கள். துணிக்குக் கட்சி ஏது?

ஆகவே வீட்டுக்கு ஒரு புதுத் துணி எடுப்பதாக இருந்தால் அது கைத்தறியாக இருக்கட்டும். 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கூட்டுறவுக் கடைகளில் தீபாவளியை ஒட்டி 30 சதவீதம் தள்ளுபடி கொடுப்பது பல ஆண்டுகளாக உள்ள வழக்கம். மழைக் காலத்துக்குச் சென்னிமலைப் போர்வை ஒன்று எடுத்தால் அது பல ஆண்டுகள் உழைக்கும். பவானி ஜமக்காளம் ஒன்று எடுத்தால் வீட்டுக்கு வருகிற பத்துப் பேர் உட்காரலாம். ஒரு தடவை துவைத்ததும் சாயம் போகிற மூன்று மலிவுப் புடவைகளை எடுப்பதைவிட, நின்று உழைக்கிற ஒரு சுங்குடிச் சேலை லாபம். கடையில் நிற்கும்போது இந்தக் கணக்கு மறந்துபோகும். வீட்டிலிருந்தே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது.

நாலு வீட்டுக்கு ஓர் அடுப்பு

இப்போது பலகாரத்துக்கு வருவோம்.

'வீட்டில் செய்தால் சிக்கனம்' என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது பாதிதான் உண்மை. ஒரு பெண் பகல் முழுவதும் அலுவலகத்திலோ வயலிலோ வேலை செய்துவிட்டு, இரவு பதினொரு மணி வரை தனியாக எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நின்றால், அதில் மிச்சம் என்ன? அவளுடைய இடுப்பு வலியைக் கணக்கில் எழுதுவார் யாரும் இல்லை. அப்படித் தனியாகக் கஷ்டப்படுவதைவிடக் கடையில் அரைக் கிலோ வாங்கிவிடுவதே மேல்.

ஆனால் நாலு வீடு சேர்ந்தால் கதை வேறு.

ஒரு வீட்டில் பெரிய இரும்புச் சட்டி இருக்கும். ஒரு வீட்டில் பித்தளை முறுக்கு உழக்கு இருக்கும். ஒரு வீட்டில் இடம் இருக்கும். இன்னொரு வீட்டில் ஒன்றுமே இருக்காது. ஆனால் பதம் தெரிந்த ஒரு பாட்டி இருப்பார். அரிசி மாவு நாலு பங்குக்கு உளுந்து மாவு ஒரு பங்கு. உப்பு, பெருங்காயம், சீரகம், கொஞ்சம் வெண்ணெய். எல்லாரும் மாவையும் எண்ணெயையும் பங்கு போட்டுக் கொண்டுவந்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தால் மதியத்துக்குள் நாலு டின் நிறைந்துவிடும். வெளியே மழை கொட்டும். உள்ளே ஒருத்தி பிசைவாள்; ஒருத்தி பிழிவாள்; ஒருத்தி திருப்பிப் போட்டு எடுப்பாள். பாட்டி ஒரு சிட்டிகை மாவை எண்ணெயில் போட்டுப் பார்ப்பார். அது அடியில் தங்காமல் குபுக்கென்று மேலே வந்தால் "போடலாம்" என்று உத்தரவு கிடைக்கும். பிழிகிற வேலைக்குக் கை வலு வேண்டும். அதற்கு ஆண்களைக் கூப்பிடலாம். பேப்பரை மடித்து வைத்துவிட்டு வரட்டும். அவர்கள் பிழிகிற முறுக்கு வட்டமாக வராது. சீனா தேசப் படம் மாதிரி வரும். வரட்டுமே! அதைப் பார்த்துச் சிரிப்பதும் தீபாவளிதான்.

அதிரசம் மட்டும் அவசரப்பட்டால் வராது. பச்சரிசியை ஊற வைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே இடிக்க வேண்டும். வெல்லப் பாகைத் தண்ணீரில் விட்டால் உருட்ட வர வேண்டும். பதம் தப்பினால் எண்ணெயில் பிரிந்துபோகும். புதிதாகச் செய்கிறவர்கள் பாட்டி பக்கத்தில் இருக்கும்போது செய்வது நல்லது. பிரிந்துபோனாலும் அதைப் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

இந்த வேலையின் நடுவில் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதற்கு விலை இல்லை. கல்யாணம் ஆனதும் பல பெண்களுக்குச் சினேகிதிகள் போய்விடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்றே தெரியாது. ஆண்களுக்கு டீக்கடை இருக்கிறது. பெண்களுக்கு எது இருக்கிறது? ஒரு முறுக்குச் சட்டியைச் சுற்றி நாலு பேர் உட்காரும்போதுதான் மாமியாரைப் பற்றியும், பையனின் பரீட்சையைப் பற்றியும், முழங்கால் வலியைப் பற்றியும் மனம் விட்டுப் பேச முடிகிறது. "எனக்கும் தண்டல் இருக்குடி" என்று ஒருத்தி சொல்வாள். தனக்கு மட்டும்தான் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்த இன்னொருத்திக்கு அப்போது மூச்சு விட முடியும். அடுத்த வருடத்துக்கு மாதம் இவ்வளவு என்று சேர்த்து வைக்கும் யோசனையும் அங்கேதான் பிறக்கும்.

தருமபுரியில் 1989-இல் பெண்களின் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து, சிறு தொகையைச் சேர்த்து, தேவைப்பட்டவருக்குக் குறைந்த வட்டியில் கொடுத்தார்கள். பிறகு அது தமிழ்நாடு முழுவதும் பரவியது. தீபாவளிச் சீட்டுக் கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதிவு இல்லாத சீட்டில் பணத்தைப் போட்டுவிட்டு, நடத்தியவர் ஊரை விட்டுப் போன பிறகு அழுது பயன் இல்லை. தெரிந்த பத்துப் பேர் குழுவாகச் சேர்ந்து வங்கியில் போட்டு வைத்தால் இரவு தூக்கம் வரும்.

வெறும் தட்டு திரும்பாது

தீபாவளி அன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் ஒரு கரண்டி லேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய் சேர்த்துக் கிளறியது. எவ்வளவு பலகாரம் தின்றாலும் வயிறு கெடாமல் இருக்கப் பெரியவர்கள் கண்ட வழி. பிறகு "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவார்கள்.

பலகாரத் தட்டு பக்கத்து வீட்டுக்குப் போகும். அங்கே தீபாவளி இல்லாவிட்டாலும் போகும். ரம்ஜான் மாதத்தில் அந்த வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வந்திருக்கும். டிசம்பரில் எதிர் வீட்டிலிருந்து கேக் வரும். கொடுத்த தட்டு வெறுமனே திரும்பாது. ஒன்றும் இல்லாவிட்டால் கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத் தருவார்கள். இந்த வழக்கத்தை எந்தக் கடையிலும் தவணைக்கு வாங்க முடியாது.

மழை நாளில் ஒரு நண்பர் குடையோடு வந்து நிற்கிறார் என்றால் விருந்து வைக்க வேண்டியதில்லை. ஆடிப் பட்டத்தில் விதைத்த வேர்க்கடலை இந்த நாளில்தான் பிடுங்கி வருகிறது. பச்சைக் கடலையைத் தோலோடு உப்புப் போட்டு வேக வைத்து ஒரு முறம் நிறையக் கொட்டினால் போதும். சுக்கு காப்பி ஒரு டம்ளர். உரித்துக்கொண்டே பேசலாம். முறம் காலியாக ஒரு மணி நேரம் ஆகும். நண்பரும் அதுவரை எழுந்திருக்க மாட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் சொல்ல வேண்டும்

எல்லாவற்றையும் சிக்கனமாக முடித்துவிடலாம். ஒன்றை மட்டும் பெண்ணைப் பெற்றவர் நினைத்தாலும் குறைக்க முடியவில்லை. அதுதான் தலைத் தீபாவளி.

கல்யாணக் கடனே தீர்ந்திருக்காது. அதற்குள் ஐப்பசி வந்துவிடும். மாப்பிள்ளைக்கு மோதிரம், வேட்டி, சட்டை. மகளுக்குப் பட்டு. சம்பந்திக்குச் சீர். "ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்கிறதைச் செய்யுங்கள்" என்பார்கள். கேட்பதைவிடக் கொடுமையான பேச்சு இது! 'செய்கிறதை' என்றால் எவ்வளவு? அந்த எண் தெரியாமல்தான் தகப்பனார் இரவெல்லாம் புரண்டு புரண்டு படுக்கிறார். குறைத்துவிட்டால் மகளை ஒரு வார்த்தை சொல்வார்களோ என்ற பயம். அந்தப் பயத்துக்காகவே தேவைக்கு மேல் ஒரு பங்கு சேர்த்துக் கடன் வாங்குகிறார்.

இதைப் பெண் வீட்டார் மாற்ற முடியாது. "எங்களால் முடியாது" என்று அவர்கள் வாய் திறந்தால் அது குறையாகப் பேசப்படும். மாப்பிள்ளை வீட்டார்தான் முந்திக்கொள்ள வேண்டும். புரட்டாசியிலேயே போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும்.

"சம்பந்தி, பிள்ளைங்க வந்து ரெண்டு நாள் இருந்துட்டு வரட்டும். ஒரு வேட்டி போதும். மோதிரம் கீதிரம் ஒண்ணும் வேண்டாம். சம்பந்தியம்மா கையால அதிரசம் பண்ணி அனுப்பச் சொல்லுங்க."

இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகும். மறுமுனையில் இருப்பவருக்கு நூறு நாள் மிச்சமாகும். மாப்பிள்ளைப் பையனுக்கும் இதில் பங்கு உண்டு. அப்பா சொல்லத் தயங்கினால் அவனே மாமனாரிடம் சொல்லலாம். மோதிரம் போட்டு வந்த மாப்பிள்ளையைத் தெரு ஒரு நாள் பார்க்கும். மோதிரம் வேண்டாம் என்ற மாப்பிள்ளையை மாமியார் வீட்டில் எத்தனை வருடம் பேசுவார்கள் என்பதை அவனே அனுபவித்துத் தெரிந்துகொள்வான். அவனுக்குக் கிடைக்கும் இலையில் பலகாரம் என்றும் ஒன்று கூடுதலாகவே விழும்.

மிஞ்சிய துண்டு

தீபாவளி போய்ச் சில வாரங்களில் கார்த்திகை வந்துவிடும். அதற்குப் பெரிய செலவு இல்லை. அகல் விளக்குகள் போன வருடத்தவையே போதும். கழுவிக் காய வைத்தால் சரி. குறைந்தால் நாலு புது அகல் குயவரிடம் வாங்கலாம். பொரியில் வெல்லப் பாகு விட்டு உருண்டை பிடிக்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்தில் பனை ஓலைக்குள் மாவை வைத்துக் கொழுக்கட்டை அவிப்பார்கள். ஓலை வாசனை ஏறிய அந்தக் கொழுக்கட்டை வேண்டும் என்றால் ஓலை வெட்டித் தர ஊரில் ஓர் ஆள் வேண்டும்.

திரிக்குத்தான் பஞ்சம் வரும். அப்போது பாட்டி உள்ளே போவார். இட்லித் துணிக்கும் வடாமுக்கும் போக மிஞ்சிய தாத்தாவின் வேட்டித் துண்டைக் கொண்டு வருவார். நீள நீளமாகக் கிழித்துத் தொடையில் வைத்துத் திரிப்பார். பச்சைப் பட்டுப் பாவாடை கட்டிய பேத்தி ஒவ்வொரு திரியாக எடுத்து அகலில் வைப்பாள். பக்கத்து வீட்டுப் பெண் எண்ணெய்க் கிண்ணத்தோடு படி ஏறி வருவாள். அவர்கள் வீட்டில் திரி தீர்ந்துபோயிருக்கும்.